பற்றரியும் பகுத்தறிவும்

பரந்தனிலிருந்து முல்லைத்தீவுக்குச் செல்லும் வீதியில் விசுவமடுவைக் கடப்போர் இன்று மின்கம்பங்களைக் காண்பர். கடைகளிற் குளிரூட்டிப் பெட்டிகளைக் காண்பர். பள்ளிப் பிள்ளைகளின் கைகளிற்கூடத் தொடுதிரைத் தொலைபேசிகளைக் காண்பர். இவையெல்லாம் என்றுமே இருந்தன என்று எண்ணி வளரும் ஒரு தலைமுறைக்கு நாம் பாடம் சொல்லி வருகிறோம். ஒருநாள் வகுப்பில், "ஒரு சோடிப் பற்றரியை மறைத்துக் கொண்டுவந்தமைக்காக மனிதர் சோதனைச் சாவடியில் தடுத்து வைக்கப்பட்ட காலம் ஒன்று இருந்தது" என்று சொன்னோம். வகுப்பு சிரித்தது. சிரித்தவர்களை நாம் நொந்துகொள்ளவில்லை. எழுதி வைக்கப்படாத துன்பம் அடுத்த தலைமுறைக்குக் கட்டுக்கதையாகவே தோன்றும்.

1990இல் மீண்டும் மூண்ட போரோடு வடக்கின்மீது பொருளாதாரத் தடை விதிக்கப்பட்டது. சீமெந்து, இரும்பு, எரிபொருள், யூரியா உரம் என்று நீண்ட அப்பட்டியலில் பற்றரியும் இடம்பெற்றது. கண்ணிவெடிக்குப் பயன்படும் என்பது தடுத்தோர் கூறிய நியாயம். அந்த நியாயத்தை முற்றாகப் பொய்யென்று நாம் சொல்லப்போவதில்லை. ஆயினும் வெடிக்குப் பயன்படும் அதே பொருள் கிழவியின் கைவிளக்குக்கும், மருத்துவிச்சியின் இரவுப் பயணத்துக்கும், ஊரே கூடியிருந்து கேட்கும் வானொலிக்கும் பயன்பட்டது என்பதைப் பட்டியல் தயாரித்தவர்கள் கணக்கில் எடுக்கவில்லை. வன்னியில் இந்த நிலை, 2002 ஜனவரியில் தடை நீக்கப்படும்வரை, பன்னிரண்டு ஆண்டுகள் நீடித்தது.

அக்காலத்துச் சிறுவர்களாகிய நாம் செய்த முதல் விஞ்ஞானப் பரிசோதனை எது? சைக்கிளைத் தலைகீழாக நிறுத்திச் சில்லோடு டைனமோவை உரசவிட்டு, மிதிகட்டையைக் கையாற் சுழற்றி, வானொலியைப் பேச வைத்ததுதான். டைனமோ தருவது திசைமாறும் மின். வானொலிக்கு வேண்டுவதோ ஒருதிசை மின். இடையில் ஒரு டயோட்டைப் பொருத்தவேண்டும் என்பதைப் பாடப்புத்தகத்திலன்றிப் பெரியவர்களின் கைகளிலிருந்து கற்றோம். வெரித்தாஸ் வானொலியும் தமிழோசையும் செய்தி சொல்லும் நேரத்தில் முற்றத்தில் ஒருவர் சுழற்றுவார், பத்துப்பேர் கேட்பர். சுழற்றுபவரின் கை சோர்ந்தால் செய்தியாளரின் குரலும் சோரும். இடம்பெயர வேண்டுமா, இருக்கலாமா என்று முடிவெடுக்க வேண்டிய நேரத்தில் அச்சோர்வின் பொருள் என்ன என்பதை அனுபவித்தவர் அறிவர். இறந்துபோன பற்றரிகளை வெயிலிற் காயவைத்தும், துளையிட்டு உப்புநீர் ஊற்றியும் இன்னும் ஓரிரவு உயிர் பிடித்ததுண்டு. ஜாம் போத்தல் விளக்கின் புகையில் படித்துத்தான் எங்களுக்கு முந்திய அணி பல்கலைக்கழகம் புகுந்தது.

இவ்வூரின் தொடக்கமே அத்தகையதுதான். 1960களில் படித்த வாலிபர் குடியேற்றத் திட்டத்தின்கீழ்க் காடு வெட்டித் தோட்டஞ் செய்ய வந்த இளைஞர்கள், மிளகாயும் வெங்காயமும் விளைவித்து 1970களின் இறக்குமதிக் கட்டுப்பாட்டுக் காலத்திற் செழித்து, 1977இன் திறந்த பொருளாதாரத்தால் அடிபட்டு, பின் போரால் இடியுண்டவர்கள். கையிலிருப்பதைக் கொண்டு கருமம் முடிப்பது இவர்களுக்குப் பழகிய வித்தை.

இதனை இங்கே விரித்துரைப்பதற்குக் காரணம் உண்டு. உலகின் பேராய்வுக்கூடங்கள் சில, கடந்த பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளாகத் தீர்க்க முயலும் வினா நமது முற்றத்து வினாவேதான்: மிகச் சிறிய மின்னாற்றலை வைத்துக்கொண்டு ஒரு கருவியை எப்படிக் கேட்கவும், பார்க்கவும், உணரவும் செய்வது? இன்று அதற்கு வழங்கும் பெயர் நுண்கருவி இயந்திரக் கற்றல். கடுகளவு கணினி ஒன்று, நாணயம் போன்ற பற்றரியில் மாதக்கணக்காக இயங்கி, தான் கேட்கும் ஒலி இன்னதென்று தானே தீர்மானிப்பதே அதன் பொருள்.

இயந்திரம் கற்பது என்றால் என்ன? மாயமொன்றுமில்லை. 1958இல் பிராங் ரொசன்பிளாற் என்ற அமெரிக்கர், கடற்படையின் பணத்தில் பேர்செப்ரோன் என்றொரு பொறியை அறிவித்தார். அதற்குக் கண்கள் 400. இருபதுக்கு இருபதாக அடுக்கப்பட்ட ஒளிக்கலங்கள். ஒவ்வொரு கண் தரும் குறிப்புக்கும் எவ்வளவு மதிப்பளிப்பது என்பதே அதன் அறிவு. விடை பிழைத்தால் மதிப்புகளைச் சிறிது மாற்றும், மீண்டும் முயலும். அந்த மதிப்புகளை மாற்றுவதற்குச் சிறு மின்மோட்டர்கள் குமிழ்களைத் திருகின என்பது இன்று கேட்போர்க்கு நகைப்பாயிருக்கும். ஆனால் அடிப்படை இன்றும் அதுவே. எண்களைப் பெருக்கு, கூட்டு, விடையைப் பார், பிழைத்தால் மதிப்புகளைத் திருத்து. புகையிலையைத் தொட்டுப்பார்த்துப் பதம் சொல்லும் முதியவரும் பல்லாயிரம் இலைகளைத் தொட்டுத்தான் அந்த நிலைக்கு வந்தார். பொறிக்கும் உதாரணங்கள் வேண்டும், வேறு வழியில்லை.

2012இல் இத்துறையிற் பெருமாற்றம் நேர்ந்தது. ரொறன்ரோவில் உருவான அலெக்ஸ்நெற் என்ற நரம்பு வலைப்பின்னல், படங்களை இனங்காணும் போட்டியில் ஏனையோரை வெகுதூரம் பின்தள்ளியது. அதனுள் இருந்த மதிப்புகள் ஏறத்தாழ 6 கோடி. ஒவ்வொன்றுக்கும் நான்கு பைட்டு என்று கொண்டால் 240 மெகாபைட்டு. அதன்பின் போட்டியெல்லாம் பெருக்கத்திலேயே நடந்தது. 2020இல் வெளிவந்த ஜிபிரி-3 என்பதில் மதிப்புகள் 17,500 கோடி. இவற்றை இயக்கும் கூடங்கள் சிறு நகரங்களைப்போல மின்சாரம் குடிக்கின்றன. குளிர்விக்க நீரும் வேண்டும். மூலதனம் திரளும் இடத்தில் அறிவும் திரள்கிறது. 2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணித்தியாலம் மின்வெட்டை அனுபவித்த நாட்டவராகிய நமக்கு அந்தப் பாதையில் இடம் எங்கே?

மற்றப் பாதை சத்தமின்றித் தொடங்கியது. 2014இல் கூகிள் நிறுவனத்திற் சேர்ந்த பீற் வோடன் என்பவர், அங்கு ஒரு குழுவினர் வெறும் 14 கிலோபைட்டு அளவான நரம்பு வலைப்பின்னலைப் பயன்படுத்துவதைக் கண்டு வியந்ததாக எழுதியிருக்கிறார். கைத்தொலைபேசி உறங்கும்போதும் தன்னை அழைக்கும் சொல்லுக்காகக் காது கொடுத்திருக்க வேண்டும். பெரிய செயலியை விழிக்கவைத்தால் பற்றரி இறந்துவிடும். ஆகையால் சில மில்லிவாற்றில் இயங்கும் துணைச்சில்லு ஒன்று மட்டும் விழித்திருந்தது. அதன் நினைவகமோ சில பத்துக் கிலோபைட்டு. அதற்குள் அடங்கத்தான் அந்தச் சிறு வலைப்பின்னல். வோடனும் டானியல் சிற்றுநாயக்க என்பவரும் சேர்ந்து 2019 இறுதியில் இத்துறைக்கென முதற் கைந்நூலை எழுதினர்.

(வண்டியின் சில்லும் கணினியின் சில்லும் நம் வழக்கில் ஒரே சொல்லாய் அமைந்துவிட்டன. ஒன்றைச் சுழற்றி மற்றதை வாழவைத்த மக்களுக்கு அது பொருந்தும்.)

இங்கு ஒரு நுட்பத்தைச் சற்று நின்று பார்க்கவேண்டும். கணினியின் ஆற்றல் பெரும்பாலும் கணக்கிடுவதிற் செலவாகிறது என்று நாம் எண்ணுகிறோம். அது தவறு. இரண்டு முழுஎண்களைக் கூட்டுவதற்கு ஆகும் ஆற்றலைவிட, ஓர் எண்ணைப் புறநினைவகத்திலிருந்து எடுத்து வருவதற்கு ஆயிரக்கணக்கான மடங்கு ஆற்றல் வேண்டும் என்று ஸ்ரான்போட் பல்கலைக்கழகத்து மார்க் ஹொறோவிற்ஸ் 2014இல் கணக்குக் காட்டினார். அந்த எண்ணை வானலைவழியே தொலைவுக்கு அனுப்புவதானால் செலவு இன்னும் பன்மடங்கு. ஆகவே கேட்டதையெல்லாம் கொழும்புக்கோ கலிபோர்னியாவுக்கோ அனுப்பி, அங்கிருந்து விடை பெறும் கருவியின் பற்றரி விரைவில் இறக்கும். இருந்த இடத்திலேயே தீர்மானித்து, தேவைப்பட்டபோது மட்டும் "ஆம்" என்ற ஒரு சொல்லை அனுப்பும் கருவி நெடுநாள் வாழும். சிக்கனம் கருதினாலும் தன்னாட்சியே உசிதம் என்பது இதனாற் பெறப்படுகிறது. அரசியல்வாதிகள் இதனைக் கவனிப்பார்களாக.

சுருக்கும் முறைகளும் எளியவை. மதிப்பு ஒவ்வொன்றையும் 32 துணுக்கில் எழுதாது 8 துணுக்கில் எழுதினால் இடம் நாலில் ஒன்றாகிறது. விடையின் செம்மை பெரும்பாலும் சிறிதே குறைகிறது. பயனற்ற இணைப்புகளை வெட்டிவிடலாம், தோட்டக்காரன் கொப்பு வெட்டுவதுபோல. பெரும்பொழுது உறங்கி, ஓசை எழும்போது மட்டும் விழிக்கலாம். காவற் கொட்டிலில் அரைத்தூக்கத்திற் கிடக்கும் விவசாயி செய்வதும் வேறென்ன?

எமது பக்கத்து நாட்டிலேயே இதன் சிறந்த உதாரணம் ஒன்றுண்டு. 2017இல் மைக்ரோசொவ்ற் நிறுவனத்தின் பெங்களூர் ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்த மணிக் வர்மாவும் அவரோடு ஆசிஷ் குமார், சௌரப் கோயல் ஆகியோரும் ஓர் ஆய்வை வெளியிட்டனர். அர்டுயினோ ஊனோ என்ற மலிவான பலகையை எடுத்துக்கொள்வோம். இத்தாலியின் இவ்ரேயா நகரில் 2005இல் மாணவர்களுக்காகத் தொடங்கப்பட்ட அப்பலகை வரிசையைச் சேர்ந்தது அது. அதன் செயல் நினைவகம் 2 கிலோபைட்டு. நிரல் வைக்கும் இடம் 32 கிலோபைட்டு. அலெக்ஸ்நெற்றின் மதிப்புகளை வைக்க இத்தகைய பலகைகள் ஏழாயிரத்துக்கு மேல் வேண்டும். அந்த 2 கிலோபைட்டுக்குள்ளேயே இயங்கும் கற்றல் முறையைத்தான் அவர்கள் ஆக்கினர். ஆழமான வலைப்பின்னலை விட்டு, ஒரேயொரு குட்டைத் தீர்மான மரத்தை எடுத்து, தரவைச் சிறு பரப்புக்குள் ஒடுக்கி, மரத்தின் ஒவ்வொரு கணுவும் விடையிற் பங்களிக்கும்படி செய்தனர். பெயரும் பொருத்தமாகவே பொன்சாய் என்று வைத்தனர். அதே கூடத்தைச் சேர்ந்தோர் 2019இல், பார்வையற்றோரின் வெண்கோலிற் பொருத்தும் சிறு கருவியொன்றைக் காட்டினர். கோலை அசைக்கும் விதத்தை அது உணர்ந்து, பையிலுள்ள தொலைபேசியை இயக்கும். ஒரு கையிற் கோலும் மறுகையிற் பையுமாக வீதி கடப்பவருக்குத் தொலைபேசியை வெளியே எடுக்கவேண்டிய அவசியம் ஒழிகிறது. போர் பலரின் பார்வையைப் பறித்த மண்ணிலிருந்து இதைப் படிக்கும்போது, விஞ்ஞானம் யாருக்காக என்ற கேள்விக்கு ஒரு நேரான விடை கிடைத்ததுபோல் இருந்தது.

பெருநிறுவனம் ஒன்றின் பணத்தில் நடந்த ஆய்வுதானே என்று நண்பர் ஒருவர் எம்மிடம் சொன்னார். உண்மை. ஆனால் அந்நிரல்களை அவர்கள் எவரும் எடுக்கத்தக்கதாக வெளியிட்டுள்ளனர். நிறுவனத்தின் நோக்கம் வேறு, அறிவின் பயன் வேறு. புகைவண்டியை நாட்டுக்குக் கொண்டுவந்தோர் கோப்பி மூட்டைகளுக்காகவே கொண்டுவந்தனர். அதிற் பின்னர் ஏறிச்சென்றோர் நாமுமல்லவா?

இனி, எமது ஊரின் இன்றைய அவலத்துக்கு வருவோம். போர் முடிந்து மக்கள் மீண்டு வந்தபோது யானைகளும் தம் வழிகளைத் தேடி வந்தன. முல்லைத்தீவு மாவட்டத்து விவசாயிக்கு அறுவடைக்கு முந்திய மாதம் உறக்கமற்ற மாதம். யானைவெடி கொளுத்துவது, தீ வளர்ப்பது, தகரம் தட்டுவது: இவைதாம் ஆயுதங்கள். நாடு முழுவதையும் எடுத்தால் 2022, 2023 ஆகிய ஒவ்வோர் ஆண்டிலும் 400க்கு மேற்பட்ட யானைகளும், யானைகளால் 100க்கு மேற்பட்ட மனிதரும் இறந்தனர். 2025 பெப்ரவரியில் மட்டக்களப்பிலிருந்து சென்ற இரவு வண்டி கல்லோயாப் பகுதியில் ஒரு கூட்டத்தின்மீது மோதி ஆறு யானைகளைக் கொன்றது. ஏழையும் யானையும் ஒருவரையொருவர் கொன்றுகொள்ள, காடழிப்பில் இலாபம் கண்டோர் வேறெங்கோ இருக்கின்றனர்.

யானை வருவதை முன்கூட்டி அறிதல் இயலுமா? 1984இல் கேற்றி பெயின் என்ற அமெரிக்க ஆய்வாளர், போட்லண்ட் நகர விலங்குக்காட்சிச் சாலையில் ஆசிய யானைகளின் அருகே நின்றபோது காற்றில் ஓர் அதிர்வை உணர்ந்தார். ஆராய்ந்தபோது, மனிதச் செவிக்கு எட்டாத மிகத் தாழ்ந்த ஒலியில் யானைகள் பேசிக்கொள்கின்றன என்பது தெரியவந்தது. அவ்வொலி மிகத் தொலைவு செல்லும். இதனை அடிப்படையாகக் கொண்டு கொழும்புப் பல்கலைக்கழகக் கணினிக் கல்லூரியைச் சேர்ந்தோர் சுவீடன் நாட்டவர் துணையோடு, யானை நிற்கும் இடத்தைக் குறைந்த செலவிலான ஒலியுணரிகளாற் கண்டறியும் முறையொன்றை 2017இல் வெளியிட்டனர். 'ஈலொக்' என்பது அதன் பெயர். உள்நாட்டுச் சிக்கலுக்கு உள்நாட்டார் தேடிய வழி என்ற வகையில் அது பாராட்டுக்குரியது. இங்கிலாந்தில் ஹில், பிரின்ஸ், ரொஜேர்ஸ் என்னும் மூவர் அமைத்த ஓடியோமோத் என்ற கருவியோ மூன்று சிறிய பற்றரிகளில் இயங்குகிறது. அதன் சில்லின் உள்நினைவகம் 32 கிலோபைட்டு. மத்திய அமெரிக்காவின் பெலீஸ் நாட்டுக் காட்டில், வேட்டைக்காரரின் துப்பாக்கி ஒலியை அது மரத்தில் தொங்கியபடியே பிரித்தறிந்தது. தமிழ்நாட்டிலோ 2024 பெப்ரவரியில், கோயம்புத்தூரை அடுத்த மதுக்கரையில் புகைவண்டிப் பாதையோரம் 12 கோபுரங்கள் நிறுத்தி, வெப்பப் படக்கருவிகளால் யானையைக் காணும் ஏற்பாடு தொடங்கப்பட்டது. செலவு 7 கோடி ரூபாவுக்கு மேல். அது அரசு செய்யத்தக்கது, செய்யவேண்டியதும்கூட. மூன்று ஏக்கர் வைத்திருப்பவனுக்கு எட்டுவது மரத்திற் கட்டும் பெட்டிதான்.

இதைப்பற்றி எமது ஊர் முதியவர் ஒருவரிடம் பேசினோம். அவரது வேலியை யானை மூன்று முறை சாய்த்திருக்கிறது. பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்:

"மாஸ்ரர், யானை வாறதை முதல் நாய்தான் சொல்லும். தூரத்தில நிண்டால் குரைக்கும். குரையாமல் வாலைச் சுருட்டிக்கொண்டு கட்டிலுக்குக் கீழ பூந்திட்டுதெண்டால் அது வேலியடிக்கு வந்திட்டுது. உங்கட பெட்டிக்கு இந்த வித்தியாசம் விளங்குமோ?"

"பழக்கினால் விளங்கும், ஐயா."

"ஆர் பழக்கிறது?"

இந்த இரண்டு சொற்களுக்கு விடை சொல்ல எமக்குச் சில நாட்கள் ஆயின. வேறெங்கோ பழக்கப்பட்ட பெட்டி இவ்வூர்க் காற்றையும், நீர்ப்பம்பியின் இரைச்சலையும், பக்கத்துக் கோவில் ஒலிபெருக்கியையும் யானையென்று எண்ணிக் கூவும். நாலாம் நாள் விவசாயி அதனை நிறுத்திவிட்டுத் தகரத்தை எடுப்பான். மொழியிலும் இதே நிலைதான். 2021இல் 50 மொழிகளின் தனிச்சொற்களை, 2 கோடிக்கு மேற்பட்ட ஒலித்துண்டுகளாகத் திரட்டி, சிறு கருவிகளைப் பழக்குவதற்கென்றே வெளியிட்டனர். அதிற் தமிழும் உண்டு. ஆனால் தரவு குறைந்த மொழிகளின் வரிசையில்தான் அது வைக்கப்பட்டுள்ளது. எட்டுக்கோடி வரையிலானோர் பேசும் மொழி வறிய மொழிகளின் பந்தியில் அமர்ந்திருப்பதற்கு அந்நியரைக் குறைகூறிப் பயனில்லை. அத்தொகுதிக்கு மூலமான பொதுக்குரல் திட்டத்தில் எவரும் தம் குரலைக் கொடுக்கலாம். மேடைதோறும் மொழிப்பெருமை பேசுவோரில் எத்தனைபேர் அதற்குப் பத்து நிமிடம் வாசித்துக் கொடுத்தனர்?

இன்னொன்றையும் மறைக்காமற் சொல்லவேண்டும். தனியே காத்திருந்து, எவரையும் கேளாது முடிவெடுக்கும் சிறு கருவி இம்மண்ணுக்குப் புதியதன்று. மிதிவெடி அத்தகையதே. அதற்குக் குழந்தையின் காலும் சிப்பாயின் காலும் ஒன்று. இலங்கை 2017 டிசம்பரில் மிதிவெடித் தடை உடன்படிக்கையில் இணைந்தது. எமது ஊர்களின் ஆண்களும் பெண்களும் ஆண்டுக்கணக்காக முழந்தாளிட்டு, சாண் சாணாக நிலத்தைக் கிளறி வந்திருக்கின்றனர். இன்று, கண்ணும் காதும் பெற்ற சிறு சில்லுகளை ஆயுதங்களிற் பொருத்துவோர் உலகில் இருக்கின்றனர். பற்றரிக்குத் தடை விதித்தோரின் அச்சத்தை நாம் எள்ளி நகையாடினோமல்லவா? கருவி இரண்டு பக்கமும் வெட்டும் என்ற அளவில் அவர்கள் கண்டது உண்மையே. ஆயின் அதற்காக விளக்கையும் வானொலியையும் மக்களிடமிருந்து பறித்ததை ஒருபோதும் நியாயப்படுத்த முடியாது. கருவியின் உட்பொருளை மக்கள் அறிந்திருப்பதே அதற்கு மாற்று என்று நாம் கருதுகிறோம்.

எமது வகுப்பில் ஒரு கணக்குப் போட்டோம். சைக்கிள் டைனமோ தருவது 3 வாற்று. ஒரு மில்லிவாற்றில் இயங்கும் கேட்குங்கருவிகள் மூவாயிரத்துக்கு அது போதும். அன்றி, ஒரு மணித்தியாலம் மிதித்துச் சேமித்தால் ஒரு கருவி 125 நாள் வாழும், வழியில் வீணாவதைக் கழிக்காவிடில். நாணயப் பற்றரி ஒன்றோ, விடாது விழித்திருந்தால் ஏறத்தாழ 28 நாள். பத்தில் ஒரு பங்கு நேரம் மட்டும் விழித்தால் ஒன்பது மாதம், அதாவது ஒரு போகத்தை மீறியும் நிற்கும். சிரித்த வகுப்பு இம்முறை சிரிக்கவில்லை. தீர்ந்த பற்றரியை எங்கே போடுவது என்று ஒரு மாணவி கேட்டாள். வயலிற் போட்டால் மண் கெடும் என்பதைத் தவிர எம்மிடம் அப்போது விடை இருக்கவில்லை. அவள் கேள்வியைக் கரும்பலகையின் மூலையில் எழுதி வைத்தோம், இன்னும் அழிக்கவில்லை.

இப்போது மாணவர் சிலர், இரவில் வீட்டு முற்றத்து ஓசைகளைத் தொலைபேசியிற் பதிந்து வருகின்றனர். நாய் தொலைவு நோக்கிக் குரைப்பது, ஊளையிடுவது, சட்டென்று அடங்குவது என்று தனித்தனியே பெயரிட்டு வைக்கிறார்கள். பெயரிடும் வேலைக்கு அந்த முதியவரும் மாலையில் வந்து அமர்கிறார்; பிள்ளைகள் இரண்டாய்ப் பிரித்ததை அவர் நாலாய்ப் பிரிக்கிறார். நீர்ப்பம்பியும் மழையும் நிறையச் சேர்ந்துவிட்டன. யானையின் வரவைக் கண்டு நாய் அடங்கிய பதிவு இதுவரை இரண்டே கிடைத்திருக்கின்றன. அவற்றில் ஒன்று யானையல்ல, சிறுத்தையாயிருக்கலாம் என்கிறார் முதியவர்.